பிறக்காத வண்டிக்கு வந்த பெட்டி

கடைக்கு வருகிற எல்லோருக்கும் அவள் அளவக்காதான். முதலாளி அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர்; அவரும் அப்படித்தான் கூப்பிடுவார். அந்தப் பெயர் பக்கத்துக் கடையிலிருந்து அவளோடு வந்தது. அது ஜன்னல் திரை தைத்துக் கொடுக்கும் கடை. அங்கே பதினாறு வருஷம் வேலை பார்த்தாள். திரை வேண்டும் என்று யார் வந்தாலும், "அளந்தீங்களா?" என்பாள். அளந்தோம் என்றால், "யார் அளந்தது?" என்பாள். "எங்க வீட்டுக்காரர்" என்று பதில் வந்தால், "சரி, நீங்க ஒருவாட்டி அளந்துட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவாள். திரும்பி வருகிறவர்கள் பெரும்பாலும் அசடு வழிந்துகொண்டுதான் வருவார்கள்.

அந்தக் கடையை மூடியபோது பக்கத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடை முதலாளி வந்து நின்றார். "நம்ம கடைக்கு வந்துடுங்க. எங்க ஆளுங்களும் அளக்காமத்தான் வர்றாங்க" என்றார். அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு. மறுநாள் காலையில் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டே அவள் இந்தக் கவுண்டருக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தாள்.

அது எல்லா வண்டிக்கும் சாமான் விற்கும் கடை இல்லை. ஒரே ஒரு கம்பெனி, அதுவும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள், அதிலும் முக்கியமாக, இன்ஜினுக்குள் காற்றைத் திணித்து வேகம் கூட்டும் டர்போ வைத்தவை. சக்கரத்துக்கு மேலே இடுப்பு அகன்று, பின்னால் இறக்கை மாதிரி ஒரு ஸ்பாய்லர் எழும்பி நிற்குமே, அந்த வண்டிகள். அவற்றை வைத்திருப்பவர்கள் பெற்ற பிள்ளையைப் பார்ப்பதைவிட நன்றாக அவற்றைப் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் பிள்ளையின் பெயர்தான் பாதிப் பேருக்குச் சரியாகத் தெரியாது.

தப்பு அவர்கள்மேல் மட்டும் இல்லை. கம்பெனி நாற்பது வருஷம் ஒரே பெயரில்தான் வண்டி விற்றது. உருவம் மாறும், இன்ஜின் மாறும், பெயர் மாறாது. பின்பக்கம் 'டர்போ' என்று ஒரு சொல் இருக்கும். அதற்கு மேல் எந்த விவரமும் கிடையாது. தொழிற்சாலைக்கு உள்ளே மட்டும் ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் வைத்துக்கொண்டார்கள். முதல் வண்டி முப்பது. அதில் டர்போ வைத்தது முப்பத்தொன்று. அப்புறம் வந்த வண்டி ஐம்பத்திரண்டு. வெளியே யாருக்கும் சொல்லாத இந்த நம்பர்கள் எப்படியோ கசிந்து, கடைசியில் வண்டிக்காரர்கள் நம்பரைச் சொல்லித்தான் பேசுவது என்று ஆகிவிட்டது. நம்பர் தெரியாதவனை அவர்கள் ஆளாகவே மதிக்க மாட்டார்கள்.

சேர்ந்த முதல் வாரம் ஒருவர் வந்து, "முப்பத்தொண்ணுக்குக் கிளட்ச் கேபிள் குடுங்க" என்றார். அளவக்கா உள்ளே போய், இருந்த கேபிள்களையெல்லாம் தரையில் நீட்டிப்போட்டு, முப்பத்தொரு அங்குலத்துக்கு ஒன்றும் சிக்காமல் வெறுங்கையோடு வந்தாள். "முப்பத்தொண்ணு இல்லைங்க. நாப்பத்தெட்டு இருக்கு, வெட்டித் தரட்டுமா?" என்று அவள் கேட்டதை வந்தவர் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். அவளும் சிரித்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தால் லேசில் நிற்காது. எதையாவது பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாக வேண்டும்.

அப்படித் தொடங்கியவள்தான். ஒன்பது வருஷத்தில் அந்த நம்பர்களைக் கரைத்துக் குடித்துவிட்டாள். திரைச்சீலைக் கடைப் பழக்கத்தை மட்டும் விடவில்லை. யார் எந்த நம்பரைச் சொன்னாலும், "முன்னாடி மூடியைத் தொறந்தா உள்ளே ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதைப் படிச்சுட்டு வாங்க" என்பாள். படிக்காமல் யாருக்கும் ஒரு திருகாணிகூட எடுத்துக் கொடுத்ததில்லை.

பல் டாக்டருக்கு மட்டும் கொடுத்துவிட்டாள்.

பல் டாக்டர் பழைய வாடிக்கையாளர். நல்ல உயரம், நல்ல மனுஷர். அறுபத்தொரு வயதில் முன்கையில் பச்சை குத்திக்கொண்டவர். குத்தியது வேறொன்றுமில்லை, 53 என்ற நம்பர். அவருடைய வண்டி ஐம்பத்து மூன்று. அவர் மட்டும் இல்லை, ஊரில் அந்த மாதிரி வண்டி வைத்திருந்த பதினோரு பேரும் ஒரு சங்கம் வைத்து, அதற்கு 'ஐம்பத்து மூன்று' என்றே பெயரிட்டிருந்தார்கள். வந்த ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டி வெளிவந்து முப்பது வருஷம் என்று விழா. பதினோரு வண்டிகளும் வரிசையாக நிற்கப்போகின்றன. டாக்டர் வண்டியில் ஸ்பாய்லரைச் சுற்றி ஓடும் ஓர ரப்பர் மட்டும் வெடித்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

அதற்கு முந்தைய வாரமே வந்து நின்றார். "ஐம்பத்து மூணு, பின்னாடி ஸ்பாய்லர், ரப்பர்."

அளவக்கா கம்ப்யூட்டரில் தேடினாள். ஐம்பத்து மூன்றின் கீழே ஒரே ஒரு வரிதான் இருந்தது. ஸ்பாய்லர், ரப்பருடன். கையிருப்பு: ஒன்று. ஒரு வண்டிக்கு ஆயிரக்கணக்கான சாமான் இருக்கும். இதற்கு ஒன்றே ஒன்றா? அவளுக்கு நெருடியது.

"டாக்டர், போன தடவை உங்களுக்குக் குடுத்த பிரேக் பேட் ஐம்பத்திரண்டுல ஆரம்பிச்ச நம்பர். அதுக்கு முன்னாடி குடுத்த கண்ணாடியும் ஐம்பத்திரண்டுதான். ஸ்டிக்கரைக் கொஞ்சம் பாத்துட்டு வந்துடுங்களேன்."

"அம்மா, அதெல்லாம் ரெண்டு வண்டிக்கும் பொது சாமான். இருபது வருஷமா இந்த வண்டியை ஓட்டுறேன். என் வண்டி எதுன்னு எனக்குத் தெரியாதா? இங்க பாருங்க." அவர் சட்டைக் கையைச் சுருட்டி முன்கையைக் கவுண்டர்மேல் வைத்தார்.

பச்சை குத்திய கைக்கு முன்னால் என்ன பேசுவது? பின்னால் ஆறு பேர் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். அளவக்கா ஆர்டரை அனுப்பிவிட்டாள்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கடை வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. ஒரு ரப்பர் பட்டைக்கு லாரி எதற்கு என்று முதலாளி எட்டிப் பார்த்தார். இரண்டு பேர் ஒரு மரப்பெட்டியை இறக்கினார்கள். இறக்கினார்கள், இறக்கிக்கொண்டே இருந்தார்கள். பெட்டியின் ஒரு முனை நடைபாதையைத் தொட்டபோது மறுமுனை இன்னும் லாரிக்குள்ளேயே இருந்தது.

"அளவக்கா, என்ன இது? யாராவது வீடு மாத்துறாங்களா?"

"நம்ம பேர்தான் போட்டிருக்குங்க."

கதவுக்குள் பெட்டி நுழையவில்லை. நேராக வைத்தார்கள், சாய்த்தார்கள், ஒருக்களித்தார்கள். அளவக்கா டேப்பை இழுத்து அளந்து, "கதவை எடுத்துட்டாலும் நாலு விரக்கடை இடிக்கும்" என்றாள். கடைசியில் தெருவிலேயே ஆணியைப் பிடுங்கினார்கள். உள்ளே வைக்கோலும் பழைய காகிதமுமாக அள்ள அள்ள வந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், ஒரு தூசி, ஒரு கீறல் இல்லாமல், கறுகறுவென்று ஒரு ஸ்பாய்லர் படுத்திருந்தது. அதில் இரண்டு பேர் தாராளமாகத் தூங்கலாம். ஓரத்தில் புத்தம்புது ரப்பர்.

டாக்டருக்குப் போன் போனது. அவர் ஒரு நோயாளியை வாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு வந்தாரோ என்னவோ, வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். பெட்டியைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். மறுபடி பெட்டியைப் பார்த்தார்.

"வச்சுத்தான் பார்ப்போமே" என்றார் மெல்ல.

நாலு பேர் சேர்ந்து தூக்கி வண்டியின் பின்பக்கத்தில் வைத்தார்கள். இரண்டு பக்கமும் முழங்கை நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. சின்னப் பிள்ளை அப்பாவின் தொப்பியைப் போட்டுக்கொண்டது போல வண்டி பேந்தப் பேந்த விழித்தது. அந்த வழியாக வந்த சைக்கிள்காரர் ஒருவர் இறங்கி, "சார், இது பறக்குமா?" என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

அளவக்கா அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அந்தக் கேள்வியோடு போயிற்று. பெட்டியின் மூடிமேல் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். அவளைப் பார்த்து லாரிக்காரர்கள் சிரித்தார்கள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க நின்ற முதலாளி, அதட்டுவதற்கு வாயைத் திறந்து, சத்தம் சிரிப்பாக வெளியே வர, தூணைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் ஒருவர்தான் சிரிக்கவில்லை. முன்கையைத் தடவிக்கொண்டே, "அப்ப என் வண்டி எது?" என்று கேட்டார்.

அளவக்கா எழுந்தாள். அவர் வண்டியின் முன்மூடியைத் திறந்தாள். உள்ளே, உதிரிச் சக்கரத்துக்குப் பக்கத்தில், மங்கிப்போன ஸ்டிக்கர். புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு விரலை வைத்துக் காட்டினாள். ஐம்பத்திரண்டு. பக்கத்தில் சின்ன எழுத்தில் 'டர்போ'.

"ஆர்டர் போட்டது என் தப்பு டாக்டர். படிச்சுட்டு வாங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்றவ, அன்னிக்கு நானே போய்ப் படிச்சிருக்கணும்."

மத்தியானம் அவள் கம்பெனியின் தொழிற்சாலைக்கே போன் போட்டாள். விற்பனைப் பிரிவு அவளை உதிரிபாகப் பிரிவுக்கு மாற்றியது. உதிரிபாகப் பிரிவு வாடிக்கையாளர் பிரிவுக்கு மாற்றியது. கடைசியில் பழைய காகிதங்களையும் வரைபடங்களையும் பாதுகாக்கிற பிரிவில் ஒரு அம்மாள் எடுத்தார். குரலைக் கேட்டால் ரொம்ப நாளாக யாரும் அவருக்குப் போன் பண்ணவில்லை என்று தெரிந்தது.

"ஐம்பத்து மூணா? அப்படி ஒரு வண்டி வரவே இல்லையேம்மா."

"வரலையா? இங்க பதினோரு பேர் வச்சிருக்காங்களே!"

"அது ஐம்பத்திரண்டு டர்போ. முப்பதுக்கு அடுத்தது முப்பத்தொண்ணு டர்போன்னு இருந்துச்சு இல்லையா, அதனால ஐம்பத்திரண்டுக்கு அடுத்தது ஐம்பத்து மூணுதான் டர்போன்னு வெளியே இருக்கிறவங்களா கூட்டிக்கிட்டாங்க. எவனோ ஒரு பத்திரிகையில எழுதிட்டான், அப்படியே பரவிடுச்சு. ஐம்பத்து மூணுங்கிறது வேற வண்டி. ரொம்பப் பெருசா ஒண்ணு செய்யலாம்னு திட்டம் போட்டாங்க. நம்பர் குடுத்தாங்க, படம் வரைஞ்சாங்க, ஒரே ஒரு சாமான் செஞ்சாங்க. அதுக்குள்ள வேண்டாம்னு நிறுத்திட்டாங்க."

"அந்த ஒரு சாமான் என்னங்க?"

"ஸ்பாய்லர். அது எங்க போச்சுன்னே தெரியலை. பதினெட்டு வருஷமா தேடிட்டு இருக்கேன்."

அளவக்கா கண்ணாடிக் கதவு வழியாக வெளியே பார்த்தாள். தெருவில் இரண்டு பிள்ளைகள் அதன்மேல் படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தேட வேண்டாம்மா" என்றாள். "எங்க கடை வாசல்லதான் இருக்கு."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி சாய்கிற சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் அந்த அம்மாள் போட்ட கூச்சலில் அளவக்கா ரிசீவரைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. யாரோ கிடங்கில் கணக்கெடுக்கும்போது, கேட்பாரற்றுக் கிடந்த பெட்டியை விற்பனைப் பட்டியலில் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். ஆர்டர் வந்தது, அனுப்பிவிட்டார்கள். உடனே ஆள் அனுப்பி எடுத்துக்கொள்வதாகவும், அதுவரை யாரையும் அதன்மேல் உட்காரவிட வேண்டாம் என்றும் அந்த அம்மாள் கெஞ்சினார். டாக்டருக்குச் சேர வேண்டிய ரப்பரை அன்றைக்கே அனுப்புவதாகவும் சொன்னார். அளவக்கா வெளியே ஓடிப்போய்ப் பிள்ளைகளை இறக்கிவிட்டாள்.

சாயங்காலம் வீட்டில் இதைச் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. நடுநடுவே சிரிப்பு வந்து தடுத்தது. வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன், பொறுமைசாலி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப அந்தப் பல் டாக்டர் கையில குத்தியிருக்கறது?" என்று மட்டும் கேட்டார். மாடியில் குடியிருந்த அவள் தங்கை பிறப்புப் பதிவு ஆபீசில் கிளார்க். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "எங்க ஆபீஸ்ல பிள்ளை இருக்கும்க்கா, பேர் இருக்காது. வெறும் 'ஆண் குழந்தை'ன்னு மூணு வருஷம் கிடக்கும். உங்க கடையில பேர் இருக்கு, பிள்ளையே இல்லை!"

சிக்கல் ஞாயிற்றுக்கிழமைதான். டாக்டர் வெள்ளிக்கிழமை வந்து கவுண்டர் ஓரத்தில் தயங்கித் தயங்கி நின்றார். சங்கத்துக்காரர்களிடம் விஷயத்தை யார் சொல்வது? பேனர் அச்சடித்தாயிற்று. பதினோரு பனியன் தைத்தாயிற்று. எல்லாவற்றிலும் 53. "நான் சொன்னா நம்ப மாட்டாங்க அளவக்கா. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று ஒற்றைக் காலில் நின்றார். அளவக்காவுக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. ஆனாலும் தன் கையால் போன ஆர்டர், தானே போய்ச் சொல்லிவிடுவதுதான் முறை என்று பட்டது. "வரேன். ஆனா வண்டியெல்லாம் என் கண்ணு முன்னாடி நிக்கணும்" என்றாள்.

மைதானத்தில் பதினோரு வண்டிகளும் சிவப்பும் வெள்ளையும் மஞ்சளுமாகப் பளபளத்துக்கொண்டு நின்றன. சங்கத் தலைவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். குட்டையான, உற்சாகமான மனுஷர். மைக் கிடைத்தால் விடமாட்டார். "உலகத்திலேயே உயர்ந்த வண்டி நம்ம ஐம்பத்து மூணு!" என்று அவர் முழங்கி முடித்ததும் டாக்டர் அளவக்காவை முன்னால் தள்ளிவிட்டார்.

அவள் உள்ளதை உள்ளபடி சொன்னாள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

"அதெப்படி? புத்தகத்துலயே போட்டிருக்கே!"

"ஐம்பத்து மூணு இல்லேன்னா நாங்க யாரு?"

தலைவர் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். "இந்தம்மா நேத்து வரைக்கும் ஜன்னல் திரை வித்தவங்க. நம்ம வண்டியைப் பத்தி நமக்கே சொல்ல வந்துட்டாங்க!"

நேற்று வரைக்கும் இல்லை, ஒன்பது வருஷத்துக்கு முன்னால் என்று திருத்த நினைத்தாள், விட்டுவிட்டாள். மைக் இல்லாமலே குரலை உயர்த்தினாள். "சண்டை எதுக்குங்க? எல்லாரும் அவங்கவங்க வண்டி மூடியைத் தொறங்க. ஸ்டிக்கரைச் சத்தமாப் படிங்க. ஐம்பத்து மூணுன்னு ஒரே ஒரு வண்டியில இருந்தாலும் நான் நாளைக்கே மறுபடி திரை விக்கப் போயிடறேன்."

பதினோரு மூடிகள் டக் டக்கென்று திறந்தன. பதினோரு பெரிய மனுஷர்கள் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, தலையை உள்ளே விட்டுக் குனிந்தார்கள். எட்ட நின்று பார்த்தால் பதினோரு முதுகுகளில் பதினோரு 53 மட்டும் தெரிந்தது. அளவக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ஐம்பத்திரண்டு டர்போ" என்று முதல் குரல் வந்தது, வேண்டாவெறுப்பாக.

"ஐம்பத்திரண்டு... டர்போ."

"இங்கயும் அதேதான்."

ஒவ்வொன்றாக வந்துகொண்டே போய் பத்தாவது குரலோடு நின்றது. கடைசி வண்டி தலைவருடையது. அவர் குனிந்தபடியே இருந்தார். பத்துப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மெதுவாக நிமிர்ந்து, சத்தமில்லாமல் மூடியைச் சாத்தப் போனார்.

"என்ன தலைவரே, ஐம்பத்து மூணா?" டாக்டரின் குரலில் ஒரு நப்பாசை இருந்தது.

"ஐம்பத்திரண்டு" என்றார் தலைவர்.

"டர்போ?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை உள்ளே பார்த்தார். "வெறும் ஐம்பத்திரண்டுதான் போட்டிருக்கு."

அளவக்கா இன்ஜின் இருக்கிற பின்பக்கம் போய் அங்கிருந்த மூடியைத் திறந்து பார்த்தாள். இன்ஜினில் டர்போ இருக்க வேண்டிய இடத்தில் சுத்தமாகத் துடைத்த வெற்றிடம். விற்ற புண்ணியவான் அகல இடுப்பையும் ஸ்பாய்லரையும் ஒட்ட வைத்து, 'டர்போ' என்ற எழுத்தையும் பொருத்தி இவர் தலையில் கட்டியிருக்கிறான். மனுஷருக்கு வலிக்குமே என்று இருந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே தலைவரின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. அழுகிறாரோ என்று பதறினாள். இல்லை, அந்த மனுஷர் சிரிக்கிறார்.

"அதானே பாத்தேன்! பன்னெண்டு வருஷமா மேட்டுல ஏறும்போதெல்லாம் பத்துப் பேரும் என்னைத் தாண்டிப் போறீங்களே! டர்போ சத்தமே கேக்கலையேப்பான்னு மெக்கானிக்கைக் கேட்டேன். 'நல்ல டர்போ சத்தம் போடாது சார்'னான் பாவி!"

அவ்வளவுதான். டாக்டர் வண்டிமேல் சாய்ந்துவிட்டார். ஒருவருக்குப் புரையேறி மற்றவர் முதுகில் தட்டினார். அளவக்கா எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் என்று கையை நீட்டி, தலைவரின் தோளையே பிடித்துக்கொண்டாள். இருவரும் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு சிரித்தார்கள். "உங்க கடையில டர்போ கிடைக்குமாம்மா?" என்று நடுவில் அவர் கேட்டார். "கிடைக்கும்ங்க. ஆனா அளந்துட்டு வாங்க" என்று சொல்வதற்குள் அவளுக்கு மூச்சு முட்டிவிட்டது.

அன்றைக்கே கை தூக்கி வாக்கெடுத்தார்கள். சங்கத்தின் பெயர் ஐம்பத்து மூன்றாகவே இருக்கட்டும் என்று பதினோரு கைகளும் எழுந்தன. இல்லாத வண்டிக்குச் சங்கம் வைத்திருப்பவர்கள் உலகத்திலேயே நாம் மட்டும்தான் என்று தலைவர் மைக்கில் அறிவித்தார். முன்னைவிடப் பெருமையாகத்தான் அறிவித்தார். டாக்டர் முன்கையைப் பார்த்துக்கொண்டார். பச்சையை அழிக்கவில்லை. யாராவது கேட்டால் வயது என்று சொல்லிக்கொள்ளப் போவதாகச் சொன்னார். எட்டு வருஷம் குறைகிறதே, லாபம்தானே?

திங்கட்கிழமை தொழிற்சாலையிலிருந்து இரண்டு பேர் வந்து, கைக்கு உறை போட்டுக்கொண்டு, தூங்கும் குழந்தையைத் தூக்குவது போல ஸ்பாய்லரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். செவ்வாய்க்கிழமை டாக்டருக்கான சரியான ரப்பர் ஒரு சின்ன உறையில் வந்தது. அளவக்கா இந்தத் தடவை அதை வண்டியிலேயே வைத்து, ஓரம் ஓரமாக அழுத்திப் பொருத்தினாள். மயிரிழைகூடப் பிசகவில்லை.

"உக்காருங்க" என்றார் டாக்டர், பக்கத்துக் கதவைத் திறந்து.

"எதுக்குங்க?"

"ஒன்பது வருஷமா சாமான் குடுத்திருக்கீங்க, ஒருநாள் உக்காந்து போயிருக்கீங்களா?"

உட்கார்ந்தாள். வண்டி ஊரைத் தாண்டி அகலச் சாலைக்கு வந்தது. டாக்டர் மிதித்தார். ஒன்றும் நடக்கவில்லை. இதற்கா இத்தனை அமர்க்களம் என்று அவள் திரும்பி அவரிடம் கேட்க வாயைத் திறந்தாள். அந்த நொடியில் டர்போ விழித்துக்கொள்ள, பின்னாலிருந்து யாரோ இரண்டு கையாலும் சேர்த்துத் தள்ளியது போல வண்டி பாய்ந்தது. முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. கேட்க வந்த கேள்வி தொண்டையிலேயே "ஆ" என்று நீண்டு, மரங்கள் பின்னால் பறக்கப் பறக்கச் சிரிப்பாக மாறியது. பிடித்துக்கொள்ளக் கதவின் கைப்பிடி மட்டும்தான் இருந்தது.

வேகம் குறைந்தபோது டாக்டர் கவலையோடு திரும்பிப் பார்த்தார். "பயந்துட்டீங்களாம்மா?"

அவள் கண்ணைத் துடைத்தாள். விக்கல் எடுத்துக்கொண்டிருந்தது.

"இன்னொருவாட்டி மிதிங்க" என்றாள்.